பத்தாவியாக் கோழிகளும் எங்கள் புழுங்கலரிசியும்

இந்த இதழில் வழமையாக விவாதிக்கப்படும் விடயங்களோடு ஒப்பிடுகையில், நோயுற்ற கோழிகளைப் பற்றி எழுதுவது அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் நான் சொல்ல வருகிற வரலாறு ஒரு கோழிக்கூட்டில்தான் நடந்தது. எனக்கு அது தெரியவந்ததும் எனது சொந்தக் கோழிக்கூட்டின் மூலமாகத்தான். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒல்லாந்தின் சிறுநகரம் ஒன்றில் குடியிருக்கிறேன். வீட்டின் பின்னால் ஒரு துண்டு நிலம் உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் நாலு பேடுகளை வாங்கி விட்டேன். இரண்டு வருடம் அவை புல்லையும் மண்ணையும் கிளறி, புழு பொறுக்கி, நாங்கள் போட்ட தீனையும் தின்று ஒழுங்காக முட்டையிட்டன. பிறகு பறவைக் காய்ச்சல் பரவிய ஒரு பனிக்காலம் வந்தது. காட்டுப் பறவைகள் அண்டாதபடி வீட்டுக் கோழிகளையும் மூடி வைக்கவேண்டும் என்று அறிவித்தல் வந்தது. கூட்டைச் சுற்றி வலையடித்து மேலே படங்கு போட்டேன். கடைத் தீனும் விலையேறியிருந்த நேரம். வீட்டில் மிஞ்சுகிற வெள்ளைச் சோறும் காய்ந்த பாணும் வீணாகப் போவானேன் என்று பெரும்பாலும் அதையே போட்டுவந்தேன். கோழிகள் ஆவலோடு தின்றன. தின்னத் தின்ன மெலிந்தன.

முதலில் முட்டை நின்றது. பனிக்காலத்தின் இயல்பு என்று விட்டுவிட்டேன். மாசி மாதம் ஒரு பேடு ஒதுங்கி நின்று தூங்கத் தொடங்கியது. தூக்கிப் பார்த்தபோது நெஞ்செலும்பு கத்தி விளிம்புபோலக் கையில் தட்டுப்பட்டது. இறகுக்குள்ளே இவ்வளவு மெலிவு மறைந்திருக்கும் என்று நான் எண்ணியிருக்கவில்லை. கொண்டை வெளிறிச் சுருங்கியிருந்தது. இரண்டடி நடந்தால் குந்திவிடும்.

தொண்ணூறு வயதை நெருங்கும் அம்மா ஊரில் இருக்கிறார். தொலைபேசியில் சொன்னேன். "கோழிக்குச் சோத்தைப் போட்டே வளர்க்கிறாய் தம்பி? தவிடு குழைச்சுப் போடு. அங்கை தவிடு இல்லையோ?" என்று கேட்டார். தவிட்டைப் பற்றி அப்போது நான் அக்கறைப்படவில்லை. கோழியை ஒரு பெட்டிக்குள் வைத்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன்.

அவர் அறுபது வயது மதிக்கத்தக்க பெண்மணி. கோழியைத் தராசில் வைத்தார். 1.3 கிலோ இருந்தது. இந்த இனம் 2 கிலோவுக்குக் கிட்ட நிற்கவேண்டும் என்றார். தீன்பையைத் தடவினார். இறகைப் பிரித்துப் பேன் தேடினார். எச்சத்தைப் பரிசோதித்துக் குடற்புழு இருக்கிறது என்றார். கடைசியில்தான் என்ன தீன் போடுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். சமையலறை மீதியைக் கோழிக்குப் போடுவது இந்த நாட்டில் சட்டப்படி தடை என்று முதலில் ஏசினார் (எனக்கு அது அன்றுதான் தெரியும்). பிறகு சிரித்துக்கொண்டு, "பத்தாவியா ஆஸ்பத்திரியில் நடந்ததை நீ உன் வீட்டில் செய்து பார்த்திருக்கிறாய்" என்றார்.

வைத்தியம் ஒன்றும் பெரிதல்ல. மெலிந்த கோழியை மற்றவை கொத்தித் துரத்தும் என்பதால் அதைப் பிரித்துச் சூடான இடத்தில் வைத்தேன். முட்டைக்கோழித் தீனை இளஞ்சூட்டுத் தண்ணீரில் குழைத்து, ஒரேயடியாக அல்லாமல் நாளுக்கு நாலைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். புழுவுக்கு மருந்தும், தண்ணீரில் கலக்க பி விற்றமினும் வைத்தியர் தந்தார். இரவில் டோர்ச் அடித்துக் குந்துகட்டையின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். பகலில் வெடிப்புகளுக்குள் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்க வரும் செந்நிறச் சிற்றுண்ணிகள் அங்கேயும் இருந்தன. விடியற்காலையில் தீன் கொடுக்குமுன் தீன்பை வெறுமையாகி விட்டதா என்று தடவிப் பார்க்கவேண்டும். இராத் தின்றது அப்படியே கிடந்தால் தீன் கீழிறங்கவில்லை என்று பொருள். வாரம் ஒருதடவை சமையலறைத் தராசில் நிறுத்தேன். ஆறு வாரத்தில் 1.75 கிலோவுக்கு வந்தது.

இனி நான் எழுதப்போகும் நோய்தான் எனது கோழிக்கும் வந்தது என்று நான் சொல்லவில்லை. அதற்குப் புழு இருந்தது, உண்ணி இருந்தது, எனது கஞ்சத்தனமும் இருந்தது. ஆனால் வைத்தியரின் அந்தப் பகிடி என்னை நூலகத்துக்குக் கொண்டுபோனது.

*

பெரிபெரி என்ற சொல், 'முடியாது' எனப் பொருள்படும் சிங்களச் சொல் இரட்டித்து வந்தது என்று பல அகராதிகள் கூறுகின்றன. கால் கனக்கும், விறைக்கும், பின்னர் நடக்க முடியாது. சிலருக்கு உடல் வீங்கும். முடிவில் இதயம் தளர்ந்து இறப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆசியாவின் துறைமுகங்களிலும் கப்பல்களிலும் படைமுகாம்களிலும் சிறைகளிலும் இந்நோய் பெருகியது. சுமாத்திராவின் வடமுனையிலுள்ள ஆச்சே மீது ஒல்லாந்தர் 1873இல் தொடங்கிய போரில், எதிரியின் தாக்குதலைவிட பெரிபெரி அவர்களின் படையைக் கூடுதலாக அச்சுறுத்தியது. ஆகவே 1886இல் பெக்கல்ஹாரிங், விங்க்லர் என்ற இரு மருத்துவ அறிஞர்களை ஒல்லாந்து அரசாங்கம் யாவாவுக்கு அனுப்பியது. ஒரு மக்களை அடக்கும் போர் தடங்கலின்றி நடக்கவேண்டும் என்பதற்காகவே இந்த ஆராய்ச்சி தொடங்கப்பட்டது. விற்றமினின் வரலாற்றைச் சொல்லும் பாடநூல்கள் பலவும் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

அக்காலம் கிருமிகளின் காலம். கொக்கும் பாஸ்ரரும் ஒவ்வொரு நோயின் பின்னாலும் ஒரு நுண்ணுயிரைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களும் நோயாளிகளின் இரத்தத்தில் ஒரு கிருமியைக் கண்டதாக அறிவித்து, படைமுகாம்களுக்குக் கிருமிநாசினி தெளிக்கச் சொல்லிவிட்டு 1887இல் திரும்பிப் போனார்கள். முகாம்கள் கழுவப்பட்டன. நோய் நிற்கவில்லை. தொடங்கிய வேலையை முடிக்கும்படி கிறிஸ்தியான் எய்க்மன் என்ற இளம் இராணுவ மருத்துவரை விட்டுச் சென்றார்கள். அவர் பேர்லினில் கொக்கிடம் பயின்றவர். 1888 தை மாதம் பத்தாவியாவின் இராணுவ ஆஸ்பத்திரியை அண்டிய சிறிய ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாளரானார்.

முயல்களுக்கும் குரங்குகளுக்கும் நோயைத் தொற்ற வைக்க முயன்று தோற்றபின், மலிவானவை என்பதாலும் அதிகமாக வைத்திருக்கலாம் என்பதாலும் கோழிகளைப் பிடித்தார். சிலவற்றுக்கு நோயாளிகளின் இரத்தத்தை ஏற்றினார். ஒப்பீட்டுக்காகச் சிலவற்றை ஒன்றும் செய்யாமல் விட்டார். 1889ஆம் ஆண்டளவில், யூலை மாதத்தில், ஊசி போட்டவை போடாதவை என்ற பேதமின்றிக் கோழிகள் நோயுற்றன. நடை தள்ளாடியது. குந்துகட்டையில் நிற்க முடியாமல் விழுந்தன. பின்னர் ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தன. முடக்கம் காலிலிருந்து இறக்கைக்கும் கழுத்துக்கும் ஏறியது. விழுங்க முடியவில்லை, மூச்சு வாங்கியது, கொண்டை நீலம் பாரித்தது. நரம்புகளை வெட்டிப் பார்த்தபோது மனிதரின் பெரிபெரியில் காணும் சிதைவே கிடந்தது. தொற்று கூடு முழுவதும் பரவிவிட்டது என்று எய்க்மன் எண்ணிப் புதிய கோழிகளை வேறிடத்தில் வைத்தார். அவையும் நோயுற்றன.

பின்னர் நவம்பர் கடைசியில் எதுவும் செய்யாமலே நோய் மறைந்தது. கிடந்த கோழிகள் எழுந்து நடந்தன. புதிதாக எதற்கும் வரவில்லை.

எய்க்மன் கெட்டிக்காரர். தன் ஆராய்ச்சி குழம்பிவிட்டதே என்று எரிச்சற்படுவதோடு நிற்காமல் என்ன மாறியது என்று விசாரித்தார். ஆய்வுகூடத்துப் பராமரிப்பாளர், செலவை மிச்சம் பிடிக்க, யூன் மாதத்திலிருந்து கோழிகளுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய சோற்றைப் போட்டிருக்கிறார். அது நன்றாகத் தீட்டிய வெள்ளையரிசிச் சோறு. நவம்பரில் சமையற்காரர் மாறினார். புதியவர், இராணுவத்தின் சோற்றைப் படையில் சேராத கோழிகளுக்குத் தரமுடியாது என்று மறுத்துவிட்டார். பராமரிப்பாளர் பழையபடி தீட்டாத மலிவரிசிக்குப் போனார். கோழிகள் பிழைத்தன.

நாற்பது வருடங்களின் பின் தமது நொபெல் உரையில் எய்க்மன் இச்சம்பவத்தைச் சிறிது நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார். சமையற்காரருக்கும் பராமரிப்பாளருக்கும் அதில் பெயர் இல்லை.

*

இங்கு நின்று ஒரு விடயத்தைக் கவனிக்கவேண்டும். கோழிகள் குணமாகிவிட்டன. எதனால் குணமாகின என்பதும் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. 1890களின் முற்பகுதியில் எய்க்மன் மீண்டும் மீண்டும் செய்து காட்டினார்: வெள்ளையரிசி கொடுத்தால் மூன்று நாலு வாரத்தில் கோழி விழுகிறது, உமி மட்டும் நீக்கிய அரிசியைக் கொடுத்தால் எழும்புகிறது. வெள்ளையரிசியுடன் தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தாலும் விழுவதில்லை. சமைத்ததோ பச்சையோ பேதமில்லை. ஆனால் அவர் கொடுத்த விளக்கம் தவறானது. அரிசியின் மாப்பொருளிலிருந்து குடலில் ஒரு நஞ்சு பிறக்கிறது, தவிட்டில் அதற்கு ஒரு முறிமருந்து இருக்கிறது என்றார். ஒரு நோய்க்கு ஒரு குற்றவாளி இருந்தே தீரவேண்டும். கிருமி இல்லையென்றால் நஞ்சு. ஏதோ ஒன்று இல்லாமற் போவதே நோய்க்குக் காரணமாகலாம் என்ற எண்ணம், கொக்கின் மாணவர் ஒருவருக்கு வருவது இலகுவல்ல. (எங்களுடைய அரசியல் விவாதங்களுக்கு இதை உவமையாக்கும் ஆசை எனக்கும் வருகிறது. அடக்கிக்கொள்கிறேன்.)

1896இல் உடல்நலம் கெட்டு எய்க்மன் நாடு திரும்பினார். கோழிகள் அவரது பணியாளான கெறிற் கிரெய்ன்ஸ் என்ற மருத்துவரின் கைக்கு வந்தன. கிரெய்ன்ஸ் பல வருடம் பொறுமையாக வேறு தீன்களைக் கொடுத்துப் பார்த்தார். இறைச்சி கோழியைக் காத்தது. அதே இறைச்சியை அழுத்தக் கலத்தில் 120 பாகை வெப்பத்தில் வைத்தபின் கொடுத்தபோது காக்கவில்லை. அங்கே மாப்பொருளும் இல்லை, மாப்பொருளின் நஞ்சும் இல்லை. ஆயினும் கோழி விழுந்தது. பயறு காத்தது. நாம் கஞ்சியில் போடும் அதே பச்சைப் பயறுதான். 1901இல் அவர் எழுதினார்: இயற்கையான உணவில் நரம்புத் தொகுதிக்கு அவசியமான ஏதோ ஒரு பொருள் இருக்கிறது. அது இல்லாதபோது நோய் வருகிறது. எளிதில் அழியும் பொருள் என்பதால் பிரித்தெடுப்பது கடினம். பின்னர் விற்றமின் என்று பெயர்பெற்ற கருத்து இதுவே. யாவாவின் மனநோய் மருத்துவமனை ஒன்றில் ஹுல்ஷொஃப் பொல் என்ற மருத்துவர் நோயாளிகளுக்குப் பயறு கொடுத்துப் பெரிபெரியைத் தடுத்ததும் இந்த வருடங்களில்தான்.

1912இல் லண்டனில் கஸிமிர் ஃபுங்க் அந்தப் பெயரைச் சூட்டினார். 1926இல் பத்தாவியாவின் அதே ஆய்வுகூடத்தில் யான்சன், டோனாத் என்ற இருவர் தவிட்டிலிருந்து அப்பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். 300 கிலோ தவிட்டுக்கு 100 மில்லிகிராம் அளவே கிடைத்தது. கோழியைவிட விரைவாக நோயுறும் ஒரு சிறு நெற்குருவியில் பரிசோதித்தபடியால்தான் அவர்களுக்கு இது கைகூடியது. 1936இல் ரொபேர்ட் வில்லியம்ஸ் அதன் கட்டமைப்பை அறிந்து செயற்கையாகச் செய்தார். தயமின் என்று இன்று அழைக்கிறோம். 1929இன் நொபெல் பரிசு எய்க்மனுக்கும் கேம்பிரிட்ஜின் ஹொப்கின்ஸுக்கும் போனது. எய்க்மன் நோயினால் ஸ்ரொக்ஹோம் போக முடியவில்லை. மறுவருடம் இறந்தார். சரியான விளக்கத்தைச் சொன்ன கிரெய்ன்ஸுக்குப் பரிசு இல்லை.

*

கோழிக்கு வருவது மனிதருக்கும் வருமா? எய்க்மன் ஊர் திரும்பு முன் இக்கேள்வியை யாவாவின் சுகாதாரப் பரிசோதகரான அடொல்ஃப் வோர்டர்மனிடம் விட்டுச் சென்றார். வோர்டர்மன் போனது சிறைகளுக்கு. அதில் ஒரு தர்க்கம் இருந்தது. யாவாவின் சிறைகளில் அந்தந்த மாவட்டத்து வழக்கப்படி அரிசி வழங்கினார்கள். சில சிறைகளில் தீட்டிய அரிசி, சிலவற்றில் தவிடு பெரும்பாலும் போகாத அரிசி, சிலவற்றில் இரண்டும் கலந்து. கைதி தனக்கு வேண்டிய அரிசியைத் தெரிவு செய்வதில்லை. கடைக்குப் போவதில்லை. வேலியோரத்தில் ஒரு பிடி கீரை பறிப்பதும் இல்லை. கூட்டில் அடைத்த கோழியைப் போலத்தான்.

101 சிறைகள். ஏறத்தாழ 280,000 கைதிகள். வோர்டர்மன் நேரில் போய் அரிசி மாதிரிகளைச் சேகரித்தார். கட்டடத்தின் வயது, காற்றோட்டம், நெரிசல் எல்லாவற்றையும் குறித்தார், அவைதான் காரணம் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. 1897இல் முடிவு வெளியானது. தீட்டாத அரிசி கொடுத்த 37 சிறைகளில் ஒன்றில் மாத்திரமே பெரிபெரி இருந்தது. தீட்டிய அரிசி கொடுத்த 51இல் 36இல் இருந்தது. ஆட்கணக்கில் பார்த்தால் வேறுபாடு இன்னும் பயங்கரம்: தீட்டிய அரிசி உண்ட கைதிகளில் 39 பேருக்கு ஒருவர், தீட்டாத அரிசி உண்டவர்களில் பத்தாயிரத்துக்கு ஒருவரளவில்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏற்பு வரவில்லை. கோழி வேறு மனிதன் வேறு என்றார்கள், எண்களில் குறை கண்டார்கள். ஒல்லாந்து மொழியில் எழுதப்பட்டவற்றை வெளியே பலர் படிக்கவும் இல்லை. ஆச்சேயில் போர் தொடர்ந்தது. நீராவியில் ஓடும் அரிசி ஆலைகள் இறங்கூனிலும் சைகோனிலும் பாங்கொக்கிலும் முன்னெப்போதும் இல்லாத அளவு வெண்மையான அரிசியைத் தீட்டித் தள்ளிக்கொண்டிருந்தன. வெள்ளையரிசி கப்பலிலும் கிட்டங்கியிலும் நாட்பட நிற்கும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசி கெதியில் சிக்கடிக்கும். பெருந்தொகையான ஆட்களைத் தொலைதூரத்தில் வைத்து வேலை வாங்குபவர்களுக்கு எது வசதி என்பது சொல்லாமலே விளங்கும்.

*

இப்போது எங்களவரிடம் வருகிறேன். நான் இதையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்த நாட்களில் நண்பர்களின் கூடல் ஒன்றில் இக்கதையைச் சொன்னேன். ஒருவர் உடனே எழுந்து, "வெள்ளைக்காரன் நொபெல் பரிசு வாங்கிக் கண்டுபிடித்ததை எங்கடை முன்னோர் ஆயிரம் வருடத்துக்கு முன்னமே புழுங்கலரிசியில் கண்டுவிட்டார்கள்" என்றார். கைதட்டலும் கிடைத்தது. அன்று என்னிடம் ஆயத்தமான பதில் இல்லை. இக்கட்டுரை அந்தப் பதில்.

அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமினின் ஒரு பகுதி நீரோடு அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. மாப்பொருள் களியாகி இறுகி அதைப் பிடித்து வைக்கிறது. பிறகு தீட்டினாலும் கழுவினாலும் முழுவதும் போவதில்லை. மலாயாவில் இது மிகத் தெளிவாகத் தெரிந்தது. ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர் சீயத்திலிருந்தும் இறங்கூனிலிருந்தும் வந்த வெள்ளையரிசியை உண்டு ஆயிரக்கணக்கில் பெரிபெரியால் மடிந்தார்கள். அதே மண்ணில் அதே மழையில் நின்ற தமிழ்த் தொழிலாளருக்கு இந்நோய் அபூர்வம். அவர்கள் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. கிராமத்து மலாய்க்காரர் தாமே விளைவித்து உரலில் குற்றிய அரிசியை உண்டார்கள். அவர்களுக்கும் வரவில்லை. நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிரடன் இதை வருடக்கணக்காகக் கவனித்து 1907இல் ஒரு பெரிய நூலாக எழுதினார். அவரும் வெள்ளையரிசியில் வளரும் ஒரு பூஞ்சணத்தின் நஞ்சே காரணம் என்றுதான் முடித்தார். மீண்டும் குற்றவாளி.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஃபிளெச்சர் என்ற மருத்துவர் 1905 டிசம்பரிலிருந்து ஒரு வருடம் இதைப் பரிசோதித்தார். உணவு காரணமாக இருக்காது என்பதே அவரது தொடக்க எண்ணம். ஒரு பாதி நோயாளிகளுக்கு வெள்ளையரிசி, மறு பாதிக்குப் புழுங்கலரிசி. இடம்தான் காரணமோ என்று பார்க்க வருட நடுவில் இரு பகுதியாரையும் கட்டடம் மாற்றினார். நோய் அரிசியோடு போனது, கட்டடத்தோடு நிற்கவில்லை. வெள்ளையரிசிப் பக்கத்தில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கலரிசிப் பக்கத்தில் ஒருவரும் இறக்கவில்லை. 1909இல் ஃபிறேசரும் ஸ்ரான்ரனும் காட்டில் வீதி போட்ட 300 யாவாத் தொழிலாளரை இரண்டாகப் பிரித்து இதையே மீண்டும் காட்டினார்கள். பிறகு கோலாலம்பூர் ஆய்வுகூடத்தில் கோழிகளுக்கு இரண்டு அரிசியையும் கொடுத்தார்கள். புழுங்கலரிசி தின்ற கோழி நின்றது. வெள்ளையரிசி தின்றது விழுந்தது. கைதி, மனநோயாளி, கூலி, கோழி. இந்த வரலாறு முழுவதும் இந்த நால்வரும் ஒருவரின் இடத்தில் ஒருவர் நிறுத்தப்படுகிறார்கள்.

ஆகவே புழுங்கலரிசி தமிழரைக் காத்தது. ஆனால் அதை 'முன்னோர் கண்ட விஞ்ஞானம்' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. நெல் அவிப்பதன் நோக்கம் வேறு: உமி இலகுவாகக் கழரும், குற்றும்போது அரிசி உடையாது, பூச்சி கெதியில் பிடிக்காது. அது நல்ல அறிவு, உழைப்பின் அறிவு. நரம்பைக் காப்பதற்காகச் செய்தது அல்ல. அதுவும் யாருடைய அறிவு? விடியப்புறம் முற்றத்தில் அண்டாவை ஏற்றி நெல் அவித்துப் பாயில் காயவிட்டு உரலில் குற்றியவர்கள் பெண்கள். வசதியான வீடுகளில் கூலிக்கு வந்த, உள்ளே அனுமதிக்கப்படாத சாதிப் பெண்கள். 'முன்னோர்' என்று நாம் பெருமைப்படுகிறபோது மனதில் வருகிற ஏட்டுச்சுவடிப் பெரியவர்கள் அல்ல. ஆசாரம் பார்த்தவர்கள் புழுங்கலரிசியை ஒருமுறை வெந்தது, பிறர் கை பட்டது என்று விலக்கிப் பச்சரிசியையே சுத்தமாகக் கொண்டார்கள். எங்கள் சடங்குகளிலும் பச்சரிசிக்குத்தான் இடம். தவிடு கோழிக்கும் மாட்டுக்கும் போனது.

சென்னை மாகாணத்தின் வடக்கே, தெலுங்கு பேசும் கரையோர மாவட்டங்களில், ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட மக்களிடையே பெரிபெரி இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் நிலைத்திருந்தது. குன்னூரில் மக்காரிசனும் பிறகு அய்க்ரொயிட்டும் அதை ஆராய்ந்தார்கள். அந்த மக்களின் முன்னோர் எங்கள் முன்னோரைவிட அறிவு குறைந்தவர்களா? அவர்களின் அரிசி வழக்கம் வேறு, அதற்குள் இயந்திரம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

மலாயாத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளியும் புழுங்கலரிசியைத் தேர்ந்தெடுத்துத் தன்னைக் காத்துக்கொண்டவர் அல்ல. தோட்டக் கடையில் அளந்து கொடுத்த அரிசி தற்செயலாக அவரது ஊர் வழக்கத்துக்கு ஏற்றதாக இருந்தது. அதனால் அவர் பெரிபெரியால் சாகவில்லை. புதிதாகக் காடு வெட்டிய றப்பர்த் தோட்டங்களில் மலேரியாவால் செத்தார். கொழுக்கிப்புழுவால் இரத்தம் வற்றிச் செத்தார். ஒரு தட்டில் இருந்த தயமினைக் காட்டிப் பெருமை பேசுகிறவர்கள் அந்தத் தட்டை ஏந்தி நின்ற மனிதரைப் பார்ப்பதில்லை என்பதே எனது குறை.

என்னளவில், இந்த வரலாற்றின் நோய் அரிசியில் மட்டும் இருக்கவில்லை. மேயவிட்ட கோழிக்குப் பெரிபெரி வராது. அது தனக்கு வேண்டியதைக் கிளறி எடுத்துக்கொள்ளும். கிராமத்து மலாய்க்காரர் அப்படித்தான் தப்பினார். படைவீரர், கைதி, கப்பல்காரர், சுரங்கத் தொழிலாளி ஆகியோரே விழுந்தார்கள். பிறர் அளந்து போடுவதைத் தவிர வேறொன்றும் தின்ன வழியில்லாதவர்கள். எனது கோழிகளும் இரண்டு வருடம் மிச்சச் சோற்றைத் தின்று சுகமாகத்தான் இருந்தன. நான் படங்கு போட்டு மூடிய பிறகே மெலிந்தன.

இது பழங்கதை என்று எண்ணுபவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பர்மாவிலிருந்து தப்பித் தாய்லாந்து எல்லை முகாம்களில் வாழ்ந்த கரேன் அகதிகளிடையே 1980களின் பிற்பகுதியில் இரண்டு மூன்று மாதக் குழந்தைகள் திடீரென இறந்துகொண்டிருந்தன. குழந்தை குரலெழாமல் அழும், மூச்சுத் திணறும், சில மணி நேரத்தில் போய்விடும். முகாமில் வேலை செய்த மருத்துவர்கள் அது பெரிபெரி என்று கண்டார்கள். பங்கீட்டில் கொடுத்தது தீட்டிய வெள்ளையரிசி. அதோடு தயமினைச் சிதைக்கும் புளித்த மீன்களி. போதாததற்குப் பிள்ளை பெற்றவளுக்கு விதிக்கப்பட்ட பத்தியம். தாயின் பாலில் தயமின் இல்லை. தாய்மாருக்குத் தயமின் கொடுக்கத் தொடங்கியபின் குழந்தை இறப்பு பெருமளவு குறைந்தது. 2003இல் வெளியான ஆய்வு, அந்த அகதிகளிடையே குழந்தை இறப்பின் தலையாய காரணம் பெரிபெரியே என்று கூறியது. நோயுற்ற குழந்தைக்கு ஓர் ஊசி போட்டால் சில மணி நேரத்தில் முகம் தெளிந்து பால் குடிக்கத் தொடங்கும். எய்க்மனின் கோழிகள் எழும்பியது போலத்தான். எய்க்மன் அதைக் கண்டு அப்போது நூறு வருடம் ஆகிவிட்டிருந்தது.

ஒல்லாந்து மொழியில் தீட்டாத அரிசிக்குப் பெயர் 'வெள்ளித்தோல் அரிசி'. தவிட்டுப் படலத்துக்கு யாவாவின் ஆய்வுகூடத்தில் எய்க்மனும் கிரெய்ன்ஸும் எழுதிய அதே சொல். எனது ஊர்க் கடையில் அது வெள்ளையரிசியைவிட விலை கூட. உடல்நலத்தில் அக்கறையுள்ள ஒல்லாந்தர் வாங்குகிறார்கள். தவிடு வேறாக விற்பதில்லை. குதிரைத் தீன் விற்கும் கடையொன்றில் கோதுமைத் தவிடு ஒரு மூட்டை கிடைத்தது. கோழிகள் நாலும் இப்போது வெளியே மேய்கின்றன. மெலிந்திருந்த பேடு சித்திரையில் மீண்டும் முட்டையிட்டது. அம்மாவிடம் சொன்னேன்.

"தவிடு கிடைச்சதோ?"

"கோதுமைத் தவிடு அம்மா."

"கோதுமையோ? அது ஒரு தவிடே, தம்பி" என்றார்.